எட்டாவது வரி

1

நான் ஒரு வாக்கியத்தை வெட்டினேன். அதனால் வந்தது இந்தக் கதை. இதற்கு வேறு உந்துதல் எதுவும் இல்லை. யாராவது இதற்கு முன்னுரை எழுதி அதில் 'மானுட நேசம்' என்று போட்டால் நம்பாதீர்கள்.

என் பெயர் அம்பிகா. வேலூர் லாங் பஜாரில் மொத்த மளிகைக் கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில் போர்டு எழுதும் கடை வைத்திருக்கிறேன். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைகள், அவற்றை ஒட்டிப் பிழைக்கும் பட்டறைகள் ஆகியவற்றின் சுவர்களில் 'கையுறை அணியவும்' என்றும் 'இங்கே தீ மூட்டாதீர்' என்றும் இருப்பதில் பாதி என் தமிழ். மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டு தொகுதிகள் வந்திருக்கின்றன. போர்டுகளை மக்கள் படிக்கிறார்கள்.

நான் வெட்டிய வாக்கியம் இது:

"8. வெள்ளைப் புகை வராவிட்டாலும் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தக் கூடாது, ஷட்டரை மூடக் கூடாது. கரியின் விஷக்காற்று கண்ணுக்குத் தெரியாது."

பதினான்கு சொற்கள். எடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகவே இந்தக் கதைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். எழுதியதில் எதையும் எடுக்க மாட்டேன். தப்பான தொடக்கங்கள், பாதியில் நின்ற வரிகள், பொய்யென்று தெரிந்த பிறகும் அழகாகத் தோன்றிய வரிகள், எல்லாம் போட்ட இடத்தில் கிடக்கும். படிக்க இடைஞ்சலாக இருந்தால் இருக்கட்டும். இடைஞ்சல் இல்லாமல் எழுதித்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "பாலாற்று மணல்மேட்டில் மாலை வெயில் பித்தளையாய் உருகிக்கொண்டிருந்தபோது தானியேல்—"

[இங்கே நிறுத்தினேன். தானியேல் வேலைக்குப் போவது காலை ஆறரைக்கு. மாலை வெயில் நேரத்தில் வீட்டில் குளித்துக்கொண்டிருப்பார். வெயிலைப் பித்தளை என்று சொல்ல ஆசைப்பட்டவள் பித்தளை உருகும் இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல நின்றதில்லை. அந்த வரியே காட்டிக்கொடுக்கிறது.]

இரண்டாவது தொடக்கம்: "உமைமா துணிச்சலான பெண்."

[துணிச்சலான பெண் என்று எழுதிவிட்டால் அதற்குமேல் அவளைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. அவள் துணிச்சலைப் பார்க்க நான் அங்கே இல்லை. அவள் கோபத்தைப் பார்த்தேன். அது பிறகு வருகிறது.]

மூன்றாவது: "ஆம்பூருக்கு வெளியே, பைபாஸிலிருந்து உள்ளே தள்ளி, பழைய பித்தளையை உருக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது."

இது உண்மை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

அந்தப் பட்டறைக்கு மூட்டை மூட்டையாகப் பித்தளைக் கழிவு வரும். தண்ணீர்க் குழாய், உடைந்த பூட்டு, லாரி ரேடியேட்டர், தோல் கம்பெனிகள் கழித்துத் தள்ளிய பெல்ட் பக்கிள், தோல் துண்டோடு பிய்த்த ஜிப். எல்லாவற்றையும் மூசை என்ற உருக்குக் குடுவையில் போட்டுக் கரி உலையில் உருக்கிப் பாளமாக ஊற்றுவார்கள். பாளம் மறுபடி பக்கிளாகும். பக்கிள் ஒரு பெல்ட்டில் ஏறிக் கப்பலில் போகும்.* உலைக்குப் பொறுப்பு தானியேல். நாற்பத்தொரு வயது. அந்தப் பட்டறையில் பதினெட்டு வருடம். கூட வேலை செய்பவர் அஸ்பாக், அவருடைய தோஸ்த், அதே வயது.

(* அல்லது உங்கள் இடுப்பில் இருக்கும். இப்போது குனிந்து பார்க்க வேண்டாம். பார்ப்பதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.)

3

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. செம்பு உருகும் சூட்டில் துத்தநாகம் நிற்காது. கொதித்து ஆவியாகி, காற்றுப் பட்டதும் எரிந்து, பஞ்சு மாதிரி வெள்ளைப் புகையாகக் கூடத்தை நிறைக்கும். உலைக்காரர்களுக்கு அதனால் ஒரு ஜுரம் வரும். மாலையில் வாயெல்லாம் இனிப்பும் துருவுமாக ஒரு ருசி, பிறகு குளிர், பிறகு காய்ச்சல், மறுநாள் ஒன்றுமே நடக்காதது மாதிரி சரியாகிவிடும். தினமும் புகையில் நிற்பவனின் உடம்பு அதற்குப் பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் லீவு விட்டால் பழக்கம் விட்டுப்போகும். அதனால் அதற்குப் பெயரே திங்கட்கிழமை ஜுரம். பதினெட்டு வருடம் திங்கள்தோறும் ஜுரத்தோடு ஒரு மனிதன் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்பதை நான் ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிட்டேன். பாருங்கள், எவ்வளவு சுலபம்.

முதலாளிக்கு ஜுரம் பிரச்சினை இல்லை. புகையாகப் போவது சரக்கு என்பதுதான் பிரச்சினை. அதற்காக உமைமாவைக் கூப்பிட்டார்.

உமைமா ஆம்பூர்க்காரி. உலோகவியல் படித்தவள். முப்பத்தொரு வயது. அவள் ஆராய்ச்சி செய்வது கசடு. உலோகம் உருகும்போது மேலே மிதந்து வருமே, அள்ளி வெளியே கொட்டுவார்களே, அது.

"உலோகத்த எல்லாரும் டிசைன் பண்றாங்கக்கா," என்று முதல்முறை என் கடைக்கு வந்தபோது சொன்னாள். "நான் அதுக்கு மேல மிதக்கறத டிசைன் பண்றேன்."

"குப்பையை எதுக்கும்மா டிசைன் பண்ணணும்?"

"குப்பை தானா வந்தா குப்பை. நாம சொல்லி வர வெச்சா போர்வை."

என் மேஜையில் இருந்த டீ டம்ளரைக் காட்டி விளக்கினாள். மேலே ஆடை மாதிரி ஒரு கண்ணாடிப் படலம் மூடியிருக்க வேண்டும். அது பித்தளைக்கு முன்னால் உருக வேண்டும். தண்ணியாக இருந்தால் அச்சுக்குள் சேர்ந்து போய்விடும். கெட்டியாக இருந்தால் வெடித்து, வெடிப்பு வழியாகப் புகை வரும். கழிவில் கலந்து வரும் அலுமினியம் தோலாகப் படியும், அந்தத் தோலையும் அது கரைத்து உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். அத்தனையும் செய்துவிட்டு மூசையை மட்டும் தின்னாமல் இருக்க வேண்டும். உடைந்த பாட்டில் கண்ணாடித் தூள், வெண்காரம், சலவை சோடா, கொஞ்சம் சுண்ணாம்பு. நாலே சாமான். அளவுதான் சூட்சுமம். பதினோராவது கலவை மூசையைத் தின்று உலைக்குள் ஒழுகியது. பதினேழாவது நின்றது.

அந்த ஏழு மாதமும் அவளுக்கு உதவியாக இருந்தவர் தானியேல். கசடு இறுகுகிறதா, ஓடுகிறதா என்று கம்பியால் தொட்டுப் பார்த்தே சொல்வார். "இன்னும் கொஞ்சம் சோடா கொறைம்மா, இது கஞ்சி மாதிரி கீது" என்பார். அவள் தன் அறிக்கையில் அவர் பெயரைப் போட்டிருந்தாள். முதலாளி எடுக்கச் சொன்னார். அவள் எடுக்கவில்லை. (நான் வேறு மாதிரி ஆள். அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறோம்.)

பதினேழாவது கலவையைப் போட்ட நாளிலிருந்து கூடத்தில் புகை இல்லை. நான் போர்டு மாட்ட வந்தபோது தானியேல்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு வாரமா திங்கக்கெழம ஜுரம் இல்ல மேடம்," என்றார். "வூட்டுக்காரி நம்ப மாட்டேன்றா. கையி வெச்சி வெச்சி பாக்கறா."

சிரித்தார். பின்பற்கள் இரண்டு இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் அறிந்த தானியேல் இவ்வளவுதான். ஏணி, ஜுரம், இரண்டு பற்கள். இதை வைத்துக்கொண்டு அவரைப் பாத்திரமாக்க எனக்கு என்ன யோக்கியதை என்று ஒவ்வொரு பக்கத்திலும் சந்தேகம் வருகிறது. சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன்.

4

போர்டில் எழுத உமைமா எட்டு வரி வைத்திருந்தாள். கலவையை எப்போது போடுவது, எவ்வளவு, ஈரம் இருக்கக் கூடாது, கசடை எப்படி அள்ளுவது. ஏழு வரி அப்படி, ஆங்கிலத்தில். எட்டாவதை மட்டும் அவள் ஆங்கிலத்தில் எழுதவேயில்லை. என் எதிரில் உட்கார்ந்து தமிழில் சொன்னாள்.

"இத்தன நாளா அந்த வெள்ளப் பொகதான்கா காவல். அது வந்ததால ஷட்டர தொறந்து வெச்சாங்க, ஃபேன் போட்டாங்க. இப்ப நான் அத நிறுத்திட்டேன். கரியில இருந்து வர்ற விஷம் வந்துட்டேதான் இருக்கு. அது தெரியாது. நாத்தமும் இல்ல. இருமலும் வராது. அதனால இந்த லைன் பெருசா வரணும்."

"'நிறுத்தாதீர்கள்'னு போடலாமா?"

"வேணாம். கெஞ்சற மாதிரி இருக்கு. 'கூடாது'ன்னு போடுங்க."

போட்டேன். அவள் தாளைப் படித்துப் பார்த்து, கையெழுத்திட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் முதலாளி போன் பண்ணினார்.

முதலாளிக்கு நான் மூன்று பெயர் வைத்துப் பார்த்தேன். மூன்றும் இந்தக் காகிதத்தின் ஓரத்தில் கிடக்கின்றன. எந்தப் பெயர் வைத்தாலும் அதோடு ஒரு மதமும் சாதியும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நீங்கள் அதைத் திட்டிவிட்டு இவரை விட்டுவிடுவீர்கள். அதனால் பெயர் இல்லை. முதலாளி. பேச்சில் மரியாதை உண்டு. என்னை 'வாங்க போங்க' தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

"மேடம், போர்டு சின்னது. எட்டு லைன் ஜாஸ்தி. கடைசி லைன எடுத்துடுங்க."

"அது உமைமா முக்கியம்னு சொன்னாங்க சார்."

"அவங்க படிச்சவங்க, எல்லாமே முக்கியம்னுதான் சொல்லுவாங்க. ஆடிட்டுக்கு ஆள் வர்றாங்க. சுவத்துல 'விஷக்காற்று'ன்னு கொட்ட எழுத்துல இருந்தா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? நான் ஆளுங்க கிட்ட வாயால சொல்லிக்கறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதைச் சொல்லத்தான் மூன்று பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

"சரி சார், ஏழு லைன்னா லேஅவுட்டும் நல்லா வரும்," என்றேன்.

அவர் மிரட்டவில்லை. நான் பயப்படவில்லை. அவர் இருக்கும் பட்டறை முதலாளிகள் சங்கத்துக்காரர்களின் போர்டுகள் எல்லாம் என் கடைக்கு வருகின்றன, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஓரமாக ஒரு நினைப்பு ஓடியிருக்கும். ஆனால் உண்மையான காரணம் இன்னும் கேவலமானது. ஏழு வரி அழகாக இருந்தது. வரிகளுக்கு நடுவே காற்றோட்டம் வந்தது.

[காற்றோட்டம் என்ற சொல்லை யோசிக்காமல் எழுதினேன். எடுக்கக் கூடாது என்று விதி. கிடக்கட்டும்.]

ஜூனில் மாட்டி முடித்ததும் போர்டை போட்டோ எடுத்து என் கடையின் ஸ்டேட்டஸில் போட்டேன். நாலு பேர் கைதட்டும் படம் அனுப்பினார்கள்.

5

நவம்பரில், புதன்கிழமை காலை. சாரல். மழை உள்ளே அடிக்கிறது என்று ஷட்டரை இறக்கினார்கள். ஃபேன் பத்து நாட்களாகவே ஓடவில்லை. புகைதான் இல்லையே, ஃபேன் ஓடினால் உலை கரி ஜாஸ்தி தின்கிறது என்று நிறுத்தச் சொன்னது முதலாளி. இதைச் சொன்னவர் அஸ்பாக்.

"நாலஞ்சு நாளா ரெண்டு பேருக்கும் தலவலி," என்றார் அஸ்பாக். "ஜுரம் இல்ல, பொக இல்ல. டீ சரியில்லன்னு நெனச்சோம். டீக்கடைய மாத்துனோம்."

பதினோரு மணிக்கு அஸ்பாக், வெளியே வந்து நின்ற லாரியிலிருந்து மூட்டை இறக்கப் போனார். அரை மணி கழித்துத் திரும்பியபோது—

"தானியேல் கடைசியாகப் பார்த்தது, மூசையின் மேல் கண்ணாடி போல மின்னிய—"

[இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். தானியேல் கடைசியாக என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அஸ்பாக்குக்குத் தெரியாது. தானியேலுக்கே தெரியாது. அவருக்குள் புகுந்து பார்த்து உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டாலும் மாட்டேன்.]

திரும்பியபோது தானியேல் உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி சாய்ந்து கிடந்தார். கையில் கம்பி. அஸ்பாக் ஷட்டரைத் தூக்கி, அவரை இழுத்துக்கொண்டுவந்து மழையில் போட்டார். இழுத்தவருக்கே வாசலில் கால் மடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து நடந்தார். இட்லி கேட்டார். வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் ஜெபம் செய்து கூட்டிப்போனதாகச் சொன்னாள் அவர் மனைவி சவுரியம்மாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள்.

மூன்று வாரம் கழித்துச் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்றார். பிறகு சவுரியம்மாளை அவள் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு அவளைக் கூப்பிடுவதே நின்றது. அந்த வாயு இரண்டு நாளில் ரத்தத்தை விட்டுப் போய்விடும், மூளையில் செய்த வேலை சிலருக்குச் சில வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும் என்று டாக்டர் சொன்னார். ரத்தப் பரிசோதனை எடுத்தது இரண்டாம் நாள். அதற்குள் ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் கழுவிவிட்டது. காகிதத்தில் ஒன்றும் இல்லை.

பட்டறை கொடுத்த காகிதத்தில் மட்டும் இருந்தது: 'சொந்த உடல்நலக் குறைவால் மயக்கம்.' இணைப்பாக உமைமாவின் அறிக்கை. புதுக் கசடு போட்ட பிறகு கூடத்தில் புகை அநேகமாக இல்லை என்று அவளே அளந்து, அவளே கையெழுத்துப் போட்டது. புகை இல்லாத இடத்தில் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டார்கள்.

சவுரியம்மாள் எனக்கு அறிமுகமானது அந்தக் காகிதத்தால். அதைத் தூக்கிக்கொண்டு ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி என் கடைக்கு வந்தாள். போர்டின் அடியில் என் கடைப் பெயர் இருந்ததாம்.

"எனுக்கு வேற ஒண்ணும் வேணாங்க்கா," என்றாள். "'சொந்த'ன்னு போட்டுக்கீறாங்க. அந்த ஒரு வார்த்தய எடுக்கணும். அவுருக்கு சொந்தமா ஒரு நோவும் இல்ல. கம்பெனில ஆச்சுன்னு எழுதணும். நீங்க எழுதற ஆளு, எப்டி எழுதிக் கேக்கணும்னு சொல்லுங்க."

நான் அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. எட்டாவது வரியைப் பற்றி அவளிடம் அன்றைக்குச் சொல்லவில்லை.

[இந்த இடத்தில் வாசகர் என்மேல் கொஞ்சம் இரக்கப்படலாம் என்று தோன்றினால், வேண்டாம்.]

6

உமைமா பட்டறைக்குப் போய் போர்டைப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள். துப்பட்டா நனைந்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏழு லைன் இருக்கு."

"ஆமா."

"யாரு எடுத்தது?"

"அவர் போன் பண்ணி—"

"அவர் சொல்லுவார்க்கா. அவருக்கு அதான் வேல. எடுத்தது யாரு?"

"நான்தான்."

"எனக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம்ல. ஒரே ஒரு போன்."

பண்ணியிருக்கலாம். அவள் நம்பர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

"ஏழு மாசமா புகைய நிறுத்தறதுக்கு மண்டைய ஒடச்சிக்கிட்டேன்," என்றாள். குரல் உயரவில்லை. "புகை நின்னுச்சு. நான் நிறுத்தாம இருந்திருந்தா அவரு ஜுரத்தோட வூட்டுக்குப் போயிருப்பாரு. திங்கக்கெழம ஜுரம் வந்து செவ்வாக்கெழம எழுந்திருப்பாரு. இப்ப என் ரிப்போர்ட்ட காட்டி அவருக்கு ஒண்ணும் ஆகலன்னு சொல்றாங்க. நான் நல்லா வேல செஞ்சதுதான் அவங்களுக்கு சாட்சி. இத எங்க போயி சொல்றது?"

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"மன்னிப்பெல்லாம் எனக்கு எதுக்கு? விசாரண வருது. அங்க வந்து சொல்லுங்க. கத எழுதுவீங்கல்ல, அதுல எழுதி வெச்சிட்டு மனசு ஆறிடாதீங்க."

போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை. அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இந்தக் கதையின் ஒவ்வொரு பத்தியிலும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 'ஆறிடுச்சா?' என்று கேட்கிறது. இல்லை உமைமா. எழுத எழுத ஏறுகிறது.

7

விசாரணைக்கு ஒன்பது நாள் முன்னால் முதலாளியே கடைக்கு வந்தார். காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு, கைவண்டிகளுக்கு நடுவே நடந்து வந்திருந்தார். டீ வேண்டாம் என்றார். ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

எட்டு வரி. எட்டாவதோடு.

"பழைய போர்டு துரு புடிச்சிருச்சு மேடம். புதுசு பண்ணிக் குடுத்துடுங்க. அன்னிக்கி நீங்க எழுதுன மாதிரியே, எட்டு லைனும்."

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை ஒளிக்க மாட்டேன். திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

"தேதி போன ஜூன்னே இருக்கட்டும்," என்றார். "பளபளன்னு வேணாம். கொஞ்சம் பழசு மாதிரி. உங்களுக்குத் தெரியாததா."

அப்போதுதான் விளங்கியது. சுவரில் எட்டாவது வரி ஜூனிலிருந்தே இருந்திருந்தால், ஃபேனை நிறுத்தக் கூடாது, ஷட்டரை மூடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தும் நிறுத்தியவர், மூடியவர் தானியேல் ஆகிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த மனிதன், தானே செய்துகொண்ட வினை.

அதே பதினான்கு சொற்கள். ஒரு எழுத்து மாறவில்லை. எடுத்தபோது ஒரு ஆளைச் சாய்த்தது. வைத்தால் சாய்ந்தவன்மேல் பழியைப் போடும். இருபது வருடமாகச் சொற்களோடு குடித்தனம் நடத்துகிறேன், ஒரு உண்மையான வாக்கியத்தை இப்படியும் பிடித்து உபயோகிக்கலாம் என்று எனக்கு இந்த ஆள் வந்து காட்ட வேண்டியிருந்தது. நல்ல தமிழில் ஆத்திரத்தைச் சொல்ல முயன்றேன். வந்ததெல்லாம் கெட்ட வார்த்தை. அதை அச்சில் போட மாட்டார்கள் என்பதால் எழுதவில்லை. இது வெட்டியதாகக் கணக்காகாது.

"முடியாது சார்," என்றேன்.

"ஏன்?"

"அன்னிக்கி எடுக்கச் சொன்னீங்க."

"நானா?" என்றார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது முகம். "நான் எங்க மேடம் சொன்னேன்? எடம் பத்தலன்னு நீங்கதான் கொறச்சீங்க."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது, "போர்டு எழுத வேற ஆளு இல்லாமலா," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

8

விசாரணை பட்டறையிலேயே நடந்தது. அதிகாரி ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினார். சுவரில் போர்டு. எட்டு வரி. ஓரங்களில் துரு நிறத்தில் பெயின்ட் தடவியிருந்தார்கள். அடியில் என் கடைப் பெயர். என் கையெழுத்தை யாரோ நன்றாகப் பார்த்து எழுதியிருந்தார்கள். 'ழ'வின் சுழியை மட்டும் நான் அப்படிப் போட மாட்டேன்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"இது நான் எழுதினது இல்லை," என்றேன். போனை எடுத்து ஸ்டேட்டஸில் போட்ட பழைய படத்தைக் காட்டினேன். ஏழு வரி. தேதியோடு. தானியேல் கொண்டுவந்து வைத்த ஏணியின் ஒரு கால் படத்தில் விழுந்திருந்தது. பிறகு உமைமா கையெழுத்துப் போட்ட எட்டு வரித் தாளைக் கொடுத்தேன்.

அதிகாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நடுவுல எடுத்தது யாரும்மா?"

"நான்."

"யார் சொல்லி?"

முதலாளியைக் காட்டினேன்.

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

"போன்ல சொன்னார்."

"நான் சொல்லல சார்," என்றார் முதலாளி. "இவங்க தொழில்ல இவங்க முடிவு. எனக்கு எழுத்தப் பத்தி இன்னா தெரியும்?"

சவுரியம்மாள் சுவரோரம் நின்றிருந்தாள். எட்டாவது வரி என்று ஒன்று இருந்தது, அதை எடுத்தவள் நான் என்று அவள் கேட்டது அப்போதுதான். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு மனு எழுதிக் கொடுத்த கையைப் பார்த்தாள்.

அஸ்பாக் ஃபேனைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது முதலாளியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார், ஆனால் முழுவதும் சொன்னார். அடுத்த வாரம் அவருக்கு வேலை இல்லை.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. 'சொந்த' என்ற சொல் போய்விட்டது. 'பணியிடத்தில், காற்றோட்டமின்மையால், கரி வாயு தாக்கி' என்று இருந்தது. சுவரில் இருந்த போர்டு பிற்பாடு வைக்கப்பட்டது என்றும் எழுதியிருந்தார் அதிகாரி. வரியை எடுக்கச் சொன்னது யார் என்பதற்கு ஆதாரம் இல்லை. 'போர்டு தயாரித்தவர் தாமே நீக்கியதாக ஒப்புக்கொண்டார்' என்பது வரை என் பங்கு. அது பொய்யும் இல்லை. முதலாளி மேல்முறையீடு செய்திருக்கிறார். பட்டறை ஓடுகிறது. உமைமாவின் கசடைத்தான் இன்றும் போடுகிறார்கள். பதினேழாவது கலவை. புகை இல்லை. உமைமா வேறு ஊரில் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்வி. சங்கத்தின் போர்டுகள் என் கடைக்கு வருவதில்லை.

9

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன், மூன்றும் மனதுக்குள் எழுதியவை.

முதல் முடிவில் போலீஸ் ஜீப் வருகிறது. எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாவதில் தானியேலுக்கு நினைவு திரும்புகிறது. ஒரு நாள் காலை சவுரியம்மாளைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இதை நன்றாக எழுதினேன். அவ்வளவு நன்றாக எழுதியதற்காகவே என்மேல் அருவருப்பு வந்தது. டாக்டரிடம் கேட்டேன், அப்படி நடக்குமா என்று. சிலருக்குக் கொஞ்சம் தேறலாம், இவருக்கு அறிகுறி இல்லை என்றார். நடக்காததை எழுதி உங்களைத் தூங்க அனுப்ப நான் யார்?

மூன்றாவதில் நான் மன்னிக்கப்படுகிறேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து அவர்கள் திரும்பிய பிறகு, மத்தியானம் இந்தக் காகிதங்களோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் படித்துக்காட்டிக் கேட்க வேண்டும் என்று. சவுரியம்மாள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எங்கிட்ட படிக்காத," என்றாள். அக்கா என்பதும் 'ங்க' என்பதும் போயிருந்தன. "அவுரு முன்னாடி படி."

தானியேல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, சட்டைப் பொத்தான்களை யாரோ போட்டுவிட்டு, கைகளைத் தொடைமேல் வைத்து. நான் முதல் வரியிலிருந்து படித்தேன். என் கதைகளை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. பட்டறை வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எந்தப் பட்டற?"

சொன்னேன்.

"அங்க எனுக்கு ஆளு தெரியும்," என்றார்.

தொடர்ந்து படித்தேன். கசடு, ஜுரம், ஃபேன், மழை. அவர் முகம் சுருங்கியது. முன்னால் சாய்ந்தார். அஸ்பாக் இழுத்துக்கொண்டுவந்து மழையில் போட்ட இடத்தில் 'த்சு' என்றார். விசாரணை வந்தபோது ஆத்திரத்தில் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். அரிசி களையும் சத்தம் நின்றிருந்தது.

கையில் இருந்த கடைசித் தாளையும் படித்து முடித்தேன்.

"அப்புறம்?" என்றார் தானியேல்.

"அவ்வளவுதான் எழுதியிருக்கேன்."

"அந்தாளு இன்னா ஆனான்? உலைகிட்ட வுழுந்தான்னு படிச்சியே, அவன். பொழச்சானா?"

நான் சவுரியம்மாளைப் பார்த்தேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"சொல்லு," என்றாள். "எழுதுனது நீதான."

தானியேல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.